பழைய செங்கல் சுவர்களைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் கிழக்குக் கடற்கரை ஊர்களிலும் இருக்கும் பழைய செங்கல் கட்டடங்களைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள், கைப்பேசியோடு கிளம்புகிறவர்கள், தாத்தா வீடு இடிபடுவதற்கு முன் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

எந்த நேரத்தில் போனால் படம் நன்றாக வரும்?

நேரத்தைக் கேட்பதற்கு முன் திசையைக் கேளுங்கள். சுவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரியாமல் காலை நல்லதா மாலை நல்லதா என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாலை வெயில் பொன்னாக இருக்கும் என்று எங்கோ படித்ததை நம்பி, முதன்முறை தரங்கம்பாடிக்குப் பகல் மூன்று மணி பஸ்ஸில் போய் இறங்கினேன். கடல் கிழக்கே இருக்கிறது. கடலைப் பார்த்த சுவர்கள் எல்லாம் நான் போய்ச் சேர்வதற்கு முன்பே நிழலுக்குள் போய்விட்டன. 1620 இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டையின் கடல் முகத்தை அன்று பழுப்பு நிறத் துணி போலத்தான் எடுத்து வந்தேன். இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை ஆறரைக்கு மறுபடி போனேன். அதே சுவரா என்று இருந்தது.

செங்கல் சுவருக்கு வேண்டியது நேர் எதிரே நின்று அடிக்கும் வெயில் இல்லை. அது சுவரைத் தட்டையாக்கிவிடும். சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போகும் வெயில் வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு செங்கல்லின் விளிம்பும், காரை உதிர்ந்த பள்ளமும் தனித்தனியே நிழல் காட்டும். கிழக்குச் சுவருக்குச் சூரியன் உதித்த கையோடு எடுப்பதைவிட, ஒன்பது மணி தாண்டி, வெயில் சற்று ஏறிச் சாய்ந்து விழும்போது எடுப்பது பல சமயம் மேல். உதய நேரத்தில் நிறம் கிடைக்கும். பிறகு உருவம் கிடைக்கும். எது வேண்டும் என்பது உங்கள் பாடு.

தெற்கு, வடக்குச் சுவர்களுக்கு மாதக் கணக்குப் பார்க்க வேண்டும். ஜூன் மாதத்தில் சென்னையில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. நண்பகலிலும் உச்சிக்குச் சற்று வடக்கேதான் நிற்கிறது. ஆகவே வருடத்தின் பெரும்பகுதி நிழலிலேயே கிடக்கும் வடக்குச் சுவர் அந்த மாதத்தில் நாள் முழுக்க வெயில் காயும். டிசம்பரில் கதை தலைகீழ். தெற்குச் சுவருக்கு அதுதான் காலம். வடக்கு பார்த்த வாசலை டிசம்பரில் எடுக்கப் போய்விட்டு, கட்டடம் கறுப்பாக வருகிறது என்று கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

கைப்பேசியில் திசைகாட்டி இருக்கிறது. சுவருக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டில் கட்டடத்தின் பெயருக்குப் பக்கத்தில் திசையும் மாதமும்தான் இருக்கும். லென்ஸ் விவரம் இருக்காது.

நண்பகலில் படமே எடுக்கக் கூடாது என்கிறார்களே?

அது வெயில் எப்போதும் சாய்ந்தே விழும் குளிர் நாடுகளில் எழுதப்பட்ட பாடம் என்பது என் எண்ணம். முகங்களுக்கு அது சரி. உச்சி வெயிலில் கண்குழி இருண்டுவிடும். சுவருக்கு ஏது கண்குழி?

நம் ஊரில் உச்சி வெயில் சுவரை மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்குகிறது. ஜூன் நண்பகலில் சென்னையில் ஒரு வடக்குச் சுவரைப் பாருங்கள். சூரியன் ஏறத்தாழ 80 பாகை உயரத்தில் இருக்கும். வரியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் துருத்திய செங்கல், தனக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டருக்கும் அதிகமாக நிழல் விடும். காலையில் வழவழப்பாகத் தெரிந்த சுவர் அந்த அரைமணி நேரத்தில் கொத்து வேலை செய்தது போல் எழுந்து நிற்கும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் சென்னையின் நேர் உச்சிக்கு வருகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் குச்சி நட்டுக் காட்டுகிறார்களே, அந்த நாள்தான். கடிகாரப்படி பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் எல்லாத் திசைச் சுவர்களிலும் ஒரே நேரத்தில் இந்த விளையாட்டு நடக்கும். கால் மணி நேரம்கூட நீடிக்காது. தொப்பியும் தண்ணீரும் கொண்டு போங்கள்.

மேகமூட்டம், மழை?

மழை விட்டவுடன் போங்கள். நனைந்த செங்கல் இரண்டு மடங்கு சிவக்கும். பாசி பச்சையாகப் பிடிக்கும். காரை வெளுப்பாகவே நிற்கும். மேகமூட்டத்தில் நிழல் கிடைக்காது என்றாலும் நிறத்துக்கு ஈடில்லை. ஈரச் சுவரில் வானம் பளபளவென்று எதிரொளித்து நிறத்தைக் கெடுத்தால் லென்ஸில் மாட்டி எதிரொளிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைத் திருப்பிப் பாருங்கள். என் பையில் இருக்கும் ஒரே வடிகட்டி அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் குடை பிடிக்க ஒரு நண்பரும் இருந்தால் நல்லது.

கைப்பேசி போதுமா?

போதும், மூன்று எச்சரிக்கைகளோடு. அகன்ற கோண லென்ஸை ஒதுக்கிவிட்டு முதன்மை லென்ஸில் எடுங்கள். அகன்றது சுவரின் ஓரங்களை இழுத்துவிடும். இரண்டாவது, பல கைப்பேசிகள் தாமாகவே படத்தைக் கூர்மையாக்குகின்றன. அப்போது மணல் மணலாக இருக்கும் செங்கல் முகம் பிளாஸ்டிக் போல ஆகிவிடும். உங்கள் கைப்பேசியில் ரா கோப்பாக, அதாவது தானாகத் திருத்தாமல், பதியும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது, வெளிச்சமான வானத்தையும் இருண்ட வாசலையும் சமமாக்கிக் காட்டும் முறையை அணைத்துவிடுங்கள். இருட்டாக இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருக்கட்டும்.

கேமரா வைத்திருப்பவர்கள் தட்டையான சுவருக்கு லென்ஸ் துளையின் அளவை எஃப் 8 என்று வைத்தால் போதும். எஃப் 22 வரை சுருக்கினால் எல்லாம் தெளிவாகும் என்று எண்ணுகிறார்கள். ஓர் அளவுக்கு மேல் சுருக்கினால் ஒளி சிதறிப் படம் மொத்தமாகவே மங்கும்.

கட்டடம் பின்னால் சாய்வது போல் வருகிறதே?

கேமராவை அண்ணாந்து பிடித்தால் அப்படித்தான் வரும். உயர் நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம் போன்ற உயரமான சிவப்புக் கட்டடங்களில் இது கோமாளித்தனமாகவே தெரியும். கேமராவின் முதுகு சுவருக்கு இணையாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும்.

அதற்கு மூன்று வழிகள். பின்னால் நகர்ந்து போங்கள். முடியாவிட்டால் எதிர்க் கட்டடத்தின் மாடிக்கு ஏறுங்கள். பாதி உயரத்திலிருந்து எடுத்தால் தொல்லையே இல்லை. ஒரு லாட்ஜ் மேலாளரிடம் மொட்டை மாடிச் சாவி கேட்க வெட்கப்பட்டால் கட்டடப் படம் எடுக்க முடியாது. இரண்டுக்கும் வழியில்லை என்றால், கேமராவை நேராகப் பிடித்துக் கீழே வரும் தார்ச்சாலையோடு எடுத்து, பிறகு கீழ்ப்பாதியை வெட்டிவிடுங்கள். கணினியிலும் கோடுகளை நிமிர்த்தலாம். ஆனால் மேல்பகுதி இழுபட்டுக் கட்டடம் ஒட்டடைக்குச்சி போல் நீளும். நிமிர்த்தப்போகிறீர்கள் என்றால் எடுக்கும்போதே நாலு பக்கமும் இடம் விடுங்கள்.

இது வேண்டாம் என்கிற அளவுக்கு நெருங்கி, வேண்டுமென்றே அண்ணாந்து எடுப்பதும் உண்டு. அப்போது முழுதாகச் சாயட்டும். அரைகுறைச் சாய்வுதான் பிழையாகத் தெரியும்.

செங்கல் வரிகள் வளைந்து தெரிகின்றன. சுவர் வளைந்திருக்கிறதா, என் லென்ஸா?

பெரும்பாலும் லென்ஸ். புது லென்ஸ் வாங்கியவர்கள் முதல் வேலையாகச் செங்கல் சுவரைத்தான் தேடிப் போய் எடுப்பார்கள். வரிகள் நேராக ஓடுவதால் லென்ஸின் வளைவு உடனே காட்டிக்கொடுத்துவிடும். (இப்படிச் சோதித்தே காலம் தள்ளி, சுவரைத் தவிர வேறொன்றும் எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். நானும் சுவரைத்தான் எடுக்கிறேன், காரணம் வேறு.) திருத்தும் மென்பொருளில் உங்கள் லென்ஸின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் வளைந்திருந்தால் சுவரே தொய்ந்திருக்கிறது என்று பொருள். அதைத் திருத்த வேண்டாம்.

படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது சுவர் முழுக்க அலையலையாக ஏதோ நெளிந்தால் அது வேறு சங்கதி. நெருக்கமான வரிகளும் திரையின் புள்ளிகளும் மோதிக்கொள்வதால் வருவது. முழு அளவில் பாருங்கள்; பல சமயம் காணாமல் போய்விடும். போகாவிட்டால் சற்று மங்கலாக்கிவிட்டுச் சிறிதாக்குங்கள்.

செங்கல்லின் நிறம் கண்ணால் பார்த்தபடி வருவதே இல்லை. ஏன்?

கேமராவின் தானியங்கி நிறச் சமநிலை உலகம் சராசரியாகச் சாம்பல் நிறம் என்று நம்புகிறது. படம் முழுக்கச் செங்கல் நிரம்பினால், "என்ன இவ்வளவு சிவப்பு!" என்று தானே நீலத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்கும். சிவந்த சுவர் வெளிறிய ரோஜா நிறத்துக்குப் போய்விடும். தானியங்கியை விட்டுவிட்டு வெயில் குறியில் நிலையாக வையுங்கள். நிழலில் எடுத்தால் நிழல் குறி.

இன்னொரு கோளாறு மாலையில் வரும். சிவப்புச் சுவரில் சிவந்த வெயில் விழும்போது சிவப்பு மட்டும் அளவு மீறி நிரம்பிவிடும். கேமரா திரையில் மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தில் பார்த்தால் சிவப்பு வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி எடுத்த படத்தில் செங்கல்லுக்குள் இருக்கும் சூளைக் கருக்கு, மணல், வைக்கோல் தடம் எதுவும் மிஞ்சாது. ஒரே குங்கும அப்பல். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, அரைப்படி, முக்கால்படி குறைத்து எடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நிறத்தைக் கூட்டும் ஆசை வரும். கூட்டாதீர்கள். பழைய செங்கல் எதுவும் ஒரே சிவப்பில்லை. கைச்சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தது கருஞ்சிவப்பாகவும், ஓரத்தில் இருந்தது ஆரஞ்சாகவும், சரியாக வேகாதது மஞ்சளோடியும் இருக்கும். மூன்றும் ஒரே சுவரில் கலந்து நிற்பதுதான் அழகு. நிறத்தைக் கூட்டினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

சுவரில் எதைப் பார்ப்பது? எனக்கு எல்லாச் சுவரும் ஒன்றுபோல் தெரிகிறது.

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர் போனால் கடப்பாக்கம். அங்கே கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750 இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760 இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். மணலில் பெரிய பெரிய துண்டுகளாகச் சுவர் சாய்ந்து கிடக்கிறது. எல்லோரும் அந்தத் துண்டுகளின் மேல் ஏறி நின்று கடலோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

கையெட்டும் தூரத்துக்குப் போங்கள். முதலில் செங்கல்லின் பருமனைப் பாருங்கள். இன்றைய செங்கல்லைவிட மெலிந்து தட்டையாக இருக்கிறது. இரண்டு வரிகளுக்கு நடுவே காரையை விரலால் தொட்டுப் பாருங்கள். கிளிஞ்சல் சில்லுகள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். இனித் தரையை ஒட்டி முழங்கால் உயரம் வரை பாருங்கள். அந்தப் பட்டையில் செங்கல் பொரிந்து செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். மேலே போகப் போகக் கெட்டியாக இருக்கும். ஓதம் ஏறியதன் கோடு அது. தண்ணீரோடு உப்பும் ஏறி, தண்ணீர் காய்ந்ததும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உள்ளிருந்து உடைக்கிறது. வெள்ளைப் பூவாகச் சுவரில் படர்ந்திருப்பதும் அந்த உப்பே.

அடுத்து, பிற்காலத்தில் சிமென்ட் பூசிய இடங்களைத் தேடுங்கள். எந்தப் பழைய கட்டடத்திலும் கிடைக்கும். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். ஈரம் அதன் வழியே வெளியேறும், தேய்ந்தால் காரைதான் முதலில் தேயும், செங்கல் பிழைக்கும். சிமென்ட் அடைத்துவிட்டால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சில பத்தாண்டுகளில் செங்கல் கரைந்து குழியாகி, நடுவே சிமென்ட் கோடுகள் மட்டும் தேனடைச் சட்டம் போல் துருத்தி நிற்கும். பக்க வெயிலில் எடுத்தால் மிரட்டும் படம். ஆனால் அது வயோதிகம் இல்லை, தவறான வைத்தியம். படத்துக்குக் கீழே எழுதும் வரியில் அதைச் சொல்லிவிடுங்கள். "காலத்தின் கோலம்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

பிறகு அடைத்த ஜன்னல், உயர்த்திய வாசற்படி, வரி மாறும் இடம். ஒரு வரியில் செங்கல் நீளவாக்கிலும் அடுத்த வரியில் தலைப்பக்கமாகவும் ஒழுங்காக மாறி மாறி வந்துகொண்டிருக்கும். திடீரென ஓரிடத்தில் ஒழுங்கு கெட்டு எல்லாம் நீளவாக்கில் கிடக்கும். அங்கே ஒரு கதவு இருந்திருக்கும். வளைவின் தடம் மேலே தெரிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

படத்தில் ஆள் இருக்கலாமா?

இருக்கட்டும். அளவு தெரிய ஒரு சைக்கிளோ நாற்காலியோ ஆளோ வேண்டும். மெலிந்த செங்கல்லின் அளவைக் காட்ட ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தும் எடுத்திருக்கிறேன். மனிதர்களை எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். பாழடைந்தது என்று நாம் நினைக்கும் கட்டடத்தில் யாராவது குடியிருப்பார்கள்; அவர்கள் துணி காயப்போட்ட கொடியை வறுமையின் அழகாக எடுத்து வருவது எனக்கு உவப்பானதாக இல்லை.

அனுமதி வேண்டுமா?

தெருவில் நின்று கட்டடத்தின் வெளிப்புறத்தை எடுப்பதற்குப் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கட்டடங்களைப் படம் எடுப்பதையும் வெளியிடுவதையும் உரிமை மீறலாகக் கொள்ளாமல் விலக்கி வைத்திருக்கிறது. பாதுகாப்பு வேறு விஷயம். நீதிமன்ற வளாகம், துறைமுகம், ராணுவ இடங்களில் கேமராவை எடுக்கவே வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் முக்காலி வைக்க முன்னனுமதி கேட்பார்கள். முக்காலி வைத்தால் நீங்கள் தொழில்முறை ஆள் என்பது காவலர்களின் அகராதி. விளக்கிப் பார்த்திருக்கிறேன், பயனில்லை. தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்து எடுக்கப் பழகிக்கொண்டேன்.

இடிந்த கட்டடத்துக்குள் போகலாமா?

தனியாகப் போகாதீர்கள். பழைய மெட்ராஸ் மொட்டை மாடிகளில் தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். கீழே நின்று பார்த்தால் கெட்டியாகத் தெரியும். உத்தரத்தைக் கறையான் தின்றிருந்தால் மேலே கால் வைக்கும்போதுதான் தெரியவரும். குளவிக் கூடு, மூடாத கிணறு, பாம்பு மூன்றையும் எதிர்பார்த்தே போங்கள். வேரோடிய வளைவுக்கு அடியில் நின்று எதையும் பார்க்க வேண்டாம். பெரிய லென்ஸ் எதற்கு இருக்கிறது?

கறுப்பு வெள்ளையாக மாற்றலாமா? எவ்வளவு திருத்தலாம்?

உருவத்துக்காக எடுத்தது என்றால் மாற்றுங்கள்; நிறத்துக்காக எடுத்ததை மாற்றாதீர்கள். மாற்றும்போது சிவப்பின் பங்கைக் கூட்டினால் செங்கல் வெளுத்து வானம் இருளும், குறைத்தால் செங்கல் கறுத்துக் காரை பளிச்சென்று நிற்கும். எனக்கு இரண்டாவது பிடிக்கும்.

திருத்தத்தைப் பற்றி அறச்சீற்றம் கொள்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. சென்னை மாகாண அரசுக்காகப் படம் எடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858 இல் மதுரைக்கும் தஞ்சைக்கும் போனார். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும். ஆகவே மேகங்களை நெகட்டிவிலேயே தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் நீளமான ஒரே படமாக்கியவர் அவர். வானத்தில் நானும் அவர் வழிதான். அதை என்னவும் செய்வேன். கட்டடத்தில் கை வைக்க மாட்டேன். மின்கம்பியைக்கூடச் சுவரிலிருந்து அழிக்க மாட்டேன்.

என் படங்களால் யாருக்கு என்ன பயன்?

அதே டிரைப் எடுத்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். செங்கல்லாலும் சுதையாலும் ஆன அந்த மாளிகை அப்போது பாழாகிக் கிடந்தது. பிறகு ஆளுநர் நேப்பியர் காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. இன்று பளபளக்கும் தூண்களில் எது பழையது, எது ஒட்டுப்போட்டது என்று அறிய விரும்புகிறவர் அந்தப் படங்களுக்குத்தான் போக வேண்டும். ஆகவே படத்தோடு தேதி, ஊர், சுவரின் திசை மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

ஒரே கட்டடத்தை எத்தனை முறை எடுப்பது?

அது இருக்கும்வரை. எங்கள் பகுதியில் ஒரு பழைய தானியக் கிடங்கு இருக்கிறது. முதல் படத்தில் அதன் மேற்குச் சுவரில், மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நாலு இலையோடு ஓர் அரசங்கன்று. ஆறு வருடங்களில் அது என் மணிக்கட்டுப் பருமனாகி, சுவரில் கைவிரல் நுழையும் விரிசலைப் போட்டிருக்கிறது. எதிரே உள்ள தேநீர்க் கடைக்காரர் என்னைக் கண்டாலே நான் கேட்பதற்கு முன் செய்தி சொல்லிவிடுவார். போன முறை, "செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்று விழுந்தது சார்" என்றார். விழுந்த செங்கல் எங்கே என்று தேடினேன். தன் பெஞ்சின் ஆடும் காலுக்கு அதை முட்டுக் கொடுத்திருந்தார். குந்தி உட்கார்ந்து அதையும் ஒரு படம் எடுத்தேன். மேற்கு வெயில் அப்போது சரியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.